பக்கக் காற்று

மாலை ஆறு மணி.
எல்லாப் படகிலும் நாற்காலி விரித்தாகிவிட்டது,
பியர் புட்டிகள் திறந்தாகிவிட்டன.
டென்மார்க்கின் தெற்கே இந்தச் சின்னத் தீவில்
டிக்கெட் இல்லாத ஒரே படம்
துறைக்குள் வருகிற படகு.
இன்றைய படம் நாங்கள்.

அணியத்தில் நான், கையில் கயிறு.
அமரத்தில் தோர்கில், கையில் சுக்கான்.
நடுவே ஒன்பது மீட்டர்,
இருபத்தாறு வருடக் கல்யாணம்.
படகின் பெயர் சின்ட்ஸ்ரோ.
மன அமைதி என்று அர்த்தம்.
நாங்கள் வைத்ததில்லை, விற்றவர் வைத்தது.
ஏன் விற்றார் என்று
அப்போது கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு கம்பங்களுக்கு நடுவே நுழைய வேண்டும்.
போகிற போக்கில் ஆளுக்கொரு கண்ணி
கம்பங்களின் கழுத்தில் விழ வேண்டும்.
முதல் கம்பம் கழுத்தைக் கொடுத்தது.
இரண்டாவதற்கு வீசியதை
பக்கத்துப் படகின் இறைச்சி அடுப்பு
வாங்கிக்கொண்டது.

காற்று அப்போதுதான் எழுந்து வந்து
எங்களைக் குறுக்கே திருப்பியது,
மெதுவாக, மிக மரியாதையாக,
கல்யாண வீட்டில் வந்தவரை
பந்திக்குத் தள்ளுவதுபோல.

"தாவு!" என்றான் தோர்கில்.
எனக்கும் பலகைக்கும் நடுவே
ஒரு கட்டிலின் அகலத்துக்குத் தண்ணீர்.
"தாவு, விபெக்க!"
"நீ தாவு" என்றேன்.
இருபத்தாறு வருடத்தில் நான் எதையும்
அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை.
யாரோ ரேடியோவை அணைத்தார்கள்.

ஆனாலும் ஒரு காலை எடுத்து வைத்தேன்.
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள்.
எனக்குச் சேறும் வாய்க்கவில்லை.
படகில் ஒன்று, பலகையில் ஒன்று,
நடுவே பால்டிக் கடல்
அகலமாகிக்கொண்டே போனது.

குளியலறையிலிருந்து ஓடிவந்த ஒருவர்,
தலையெல்லாம் ஷாம்பூ நுரை, இடுப்பில் துண்டு,
ஒரு கையால் துண்டையும்
மறு கையால் என் மிதவைச் சட்டையின் பிடரியையும்
பிடித்துக்கொண்டார்.
இரண்டில் எதை விட்டிருந்தாலும்
படம் இன்னும் ஓடியிருக்கும்.

தோர்கில் காற்றைத் திட்டினான்.
எஞ்சினைத் திட்டினான்.
கம்பம் நட்டவர்களைத் திட்டினான்.
ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்
என்று நான் சொல்லவில்லை.
ஒரு சிறுமி எங்கள் கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்தாள்.
அதில் கடுகும் கொத்சமும் இல்லை,
கடுகு மட்டும், நிறைய.

எல்லோருக்கும் நடப்பதுதான் என்றார்கள்.
மின்சார ஒயரைக் கழற்ற மறந்து
பெட்டியோடு பிடுங்கிக்கொண்டு போனவர் இருக்கிறார்.
மனைவியைத் துறையிலேயே விட்டுவிட்டு
அடுத்த தீவுவரை அவளோடு
பேசிக்கொண்டே போனவர் இருக்கிறார்.
இதை அந்த மனைவியே சொன்னாள்,
இன்னும் சிரிக்காமல்.
தோர்கில் தலை நிமிரவில்லை.
கட்டிய முடிச்சையே
அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம்.
அப்படி ஒரு கிளம்பலை நான் பார்த்ததில்லை.
கயிறுகள் தாமாக அவிழ்ந்தன,
தண்ணீர் மடியவில்லை,
ஒரு கம்பத்தையும் தொடவில்லை.
ஒருவரும் விழித்திருக்கவில்லை.
கம்பத்தின் மேல் ஒரு நீர்க்காகம்
இறக்கை காயவைத்துக்கொண்டிருந்தது,
அதுவும் வேறு பக்கம் பார்த்தபடி.

தோர்கில் திரும்பிப் பார்த்தான்.
மறுபடியும் பார்த்தான்.
அலைதடுப்புக்கு வெளியே
ஒரு மணி நேரம் வட்டமடித்தோம்.
ஏனென்று அவன் சொல்லவில்லை.
பிறகு சொன்னான்:
"ரொட்டி வாங்க மறந்துவிட்டோம்."

ரொட்டி கீழே மேசைமேல் இருந்தது,
நேற்று நானே வாங்கியது,
முழுதாய் இரண்டு.
அவன் முகத்தைப் பார்த்தேன்.
இறங்கிப் போய்
அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன்.
"ஆமாம், மறந்துவிட்டோம்."

நாங்கள் திரும்பி நுழையும்போது மணி எட்டு.
காபிக் கோப்பைகள் ஒவ்வொன்றாக
மேலே ஏறி வந்தன.
வழக்கப்படி எல்லாப் படகிலும்
கொடி ஏற்றினார்கள்.
ஏறிய கொடிகள் எல்லாம் சட்டென்று
ஒரே பக்கமாக நீண்டன.

நான் கயிற்றை எடுத்துக்கொண்டு
அணியத்துக்குப் போனேன்.